எம்டன் (1914): கடல் தொலைவும் காலக் கணக்கும்

முன்னுரை

தமிழ்ப் பேச்சு வழக்கில் ‘எம்டன்’ என்பது ஓர் ஊரின் பெயரும் அன்று, கப்பலின் பெயரும் அன்று. எதற்கும் அஞ்சாதவன், எவர் பிடிக்கும் அகப்படாதவன், கண்டிப்பும் தந்திரமும் மிக்கவன் என்னும் பொருள்களில் அச்சொல் ஒரு நூற்றாண்டாக வழங்குகிறது. மலையாளத்தில் பேருருவத்தைக் குறிக்கும் ‘யமண்டன்’ என்னும் சொல்லையும் இதனோடு தொடர்புபடுத்துவர். 2006ஆம் ஆண்டில் ‘எம்டன் மகன்’ எனப் பெயரிடப்பட்ட திரைப்படம், தமிழ்ப் பெயர்களுக்கான வரிவிலக்கை முன்னிட்டு ‘எம் மகன்’ ஆயிற்று. மக்கள் தமிழாக்கிக்கொண்ட சொல்லைச் சட்டம் தமிழாக ஏற்கவில்லை என்பது இதில் கவனிக்கத்தக்கது.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய செருமானியப் போர்க்கப்பல் எம்டன் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் அந்த இரவின் அச்சத்தையும் வியப்பையும் பதிவு செய்கின்றன. கப்பல் எவ்வாறு வந்தது, எவ்வாறு மறைந்தது, பின்னர் எவ்வாறு அகப்பட்டது என்னும் வினாக்களுக்குத் ‘தந்திரம்’ என்பதே விடையாக நின்றுவிடுகிறது. அத்தந்திரத்தின் உள்ளீடு கடற்பயணக் காலத்தைப் பற்றிய எளிய கணக்கே என்பதையும், எம்டனின் வெற்றியும் அழிவும் அக்கணக்கின் இரு விளைவுகள் என்பதையும் இக்கட்டுரை காட்ட முற்படுகிறது. எம்டனைப் பற்றித் தமிழகத்தில் வேரூன்றிய ஒரு நம்பிக்கையும் இதே கணக்கைக் கொண்டு இறுதிப் பகுதியில் ஆராயப்படுகிறது.

தொலைவைக் காலத்தால் அளத்தல்

நிலத்தில் தொலைவை அளந்து அதிலிருந்து காலத்தைக் கணிக்கலாம். கடலில் நெடுங்காலம் இது தலைகீழாகவே நடந்தது. இந்தியப் பெருங்கடலில் பயணம் செய்த அரபு மாலுமிகள் தொலைவைக் குறிக்க ‘ஸாம்’ என்னும் அலகைக் கையாண்டனர். மூன்று மணி நேரத்தில் கப்பல் கடக்கும் தொலைவே ஒரு ஸாம். தமிழர் கணக்கில் ஒரு சாமம் என்பது ஏழரை நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம் ஆதலின் சாமமும் மூன்று மணி நேரமே. ஒரு நாளுக்கு எட்டு என்னும் எண்ணிக்கையும் இரண்டிற்கும் பொது. இரு சொற்களுக்கும் வடமொழி ‘யாமம்’ மூலமாகலாம் என்பர். சொற்பிறப்பு எவ்வாறாயினும், தொலைவு என்பது செலவிடப்படும் காலமே என்னும் கருத்து இந்தக் கடல்களுக்குப் பழமையானது.

நீராவிக் கப்பல்கள் வந்தபின் இக்கணக்கு நுட்பம் பெற்றது. நில உருண்டையின் நிரைகோட்டில் ஒரு கலையளவு, அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, ஒரு கடல் மைல். இன்றைய அளவில் 1,852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் செல்லும் வேகம் ஒரு நாட். காற்றை நம்பாத கப்பல் ஒரே வேகத்தில் பல நாள்கள் செல்லக்கூடும் என்பதால், புறப்பட்ட இடமும் திசையும் வேகமும் தெரிந்தால் அக்கப்பல் எந்த மணியில் எங்கிருக்கும் என்பதை மேசையில் இருந்தபடியே கூறிவிடலாம்.

வழிமறித்தலின் கணக்கும் இதிலிருந்தே எழுகிறது. ஒரு கப்பல் 30 கடல் மைல் கிழக்கே நின்று தெற்கு நோக்கி 12 நாட் வேகத்தில் செல்வதாகவும், அதைப் பிடிக்க விரும்பும் கப்பல் 20 நாட் செல்லக்கூடியதாகவும் கொள்வோம். இலக்குக் கப்பல் தென்படும் திசையிலேயே எப்போதும் தன் முகப்பைத் திருப்பிக்கொண்டு பின்தொடர்ந்தால், அதைப் பிடிக்க ஏறத்தாழ 2 மணி 21 நிமிடம் ஆகும். கிழக்கிலிருந்து ஏறத்தாழ 37 பாகை தெற்கே திரும்பி, இலக்கு இனி வரப்போகும் இடத்தை நோக்கி நேர்கோட்டில் சென்றால் 1 மணி 53 நிமிடம் போதும். இரண்டாம் வழியில் செல்லும்போது இலக்கு தென்படும் திசைக்கோணம் தொடக்கம் முதல் இறுதி வரை மாறுவதில்லை. இடைத்தொலைவு மட்டுமே குறைகிறது. கடலில் எதிர்ப்படும் ஒரு கலம் கோணம் மாறாமல் பெரிதாகிக்கொண்டே வந்தால் அது மோதும் என்பதை ஏடறியாத மீனவரும் அறிவர். மோதலைத் தவிர்க்கும் அறிவும் வழிமறிக்கும் அறிவும் ஒன்றே.

பிரித்தானியக் கடற்படையில் இக்கணக்கை விரைந்து போடுவதற்கு ‘பேட்டன்பர்க் திசைகாட்டி’ என்னும் கருவி இருந்தது. ஒன்றோடொன்று பிணைந்து நகரும் சட்டங்களால் இரு கப்பல்களின் வேகத்தையும் திசையையும் முக்கோணமாக அமைத்துக் காட்டும் கருவி அது. அதனை உருவாக்கிய பேட்டன்பர்க் இளவரசர் லூயி, 1914இல் அக்கடற்படையின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அவர் செருமானியக் குடியில் பிறந்தவர் என்பதால் எழுந்த எதிர்ப்பினால் அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் பதவி விலகினார். வழிமறிக்கும் கணக்குக்குக் கருவி செய்தவரின் பதவிக்கால இறுதிவரை எம்டன் வழிமறிக்கப்படவில்லை.

கருவியில் குறை இல்லை. இலக்கின் இருப்பிடம், திசை, வேகம் ஆகிய மூன்றும் தெரிந்தாலன்றி அம்முக்கோணத்தை அமைக்க இயலாது. எம்டனின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் இரண்டு திங்கள் மறைத்து வைத்தது இம்மூன்றையுமே.

நிலக்கரி விதித்த வேகம்

1908இல் டான்சிக்கில் நீரில் இறக்கப்பட்ட எம்டன் இலகுவகைப் போர்க்கப்பல். பத்துப் பீரங்கிகள், ஒவ்வொன்றும் 10.5 செ.மீ. குழல்வாய் கொண்டவை. அதன் உச்ச வேகம் ஏறத்தாழ 24 நாட். எனினும் எம்டனின் வரலாற்றை அறிய உதவும் எண் 24 அன்று, 12. நிலக்கரியை முழுமையாக நிரப்பிக்கொண்டு 12 நாட் வேகத்தில் சென்றால் அக்கப்பல் ஏறத்தாழ 3,760 கடல் மைல் செல்லும். அதாவது ஏறத்தாழ 313 மணி நேரம், 13 நாள்கள்.

வேகம் கூடினால் நிலக்கரிச் செலவு அதே விகிதத்தில் கூடுவதில்லை. நீரின் எதிர்ப்பை வெல்லத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் மும்மடியாக உயரும் என்பது கப்பற்பொறியியலின் பொது விதி. வேகத்தை இரட்டிப்பாக்கினால் மணிக்கு எரியும் கரி எட்டு மடங்காகும். தொலைவு பாதி நேரத்தில் முடிவதால் ஒரு கடல் மைலுக்கு ஆகும் கரி நான்கு மடங்காகும். 13 நாள் செல்லக்கூடிய கப்பல் முழு வேகத்தில் இரண்டு நாள் தாக்குப்பிடிப்பதும் அரிது. ஆகவே விரைந்து ஓடுவது எம்டனின் வழியாக இருந்திருக்க முடியாது. மெல்லச் செல்வது, எவரும் எதிர்பாராத திசையில் செல்வது, வேகத்தைச் சில மணி நேரங்களுக்கு மட்டும் செலவிடுவது என்பனவே அதற்கு இயன்றவை.

1914 சூலை 31ஆம் நாள் சீனக் கடற்கரையில் செருமனியின் ஆட்சியிலிருந்த சிங்டாவ் துறைமுகத்திலிருந்து எம்டன் புறப்பட்டது. ஆகஸ்டு நடுவில் பசிபிக் பெருங்கடலின் பாகன் தீவருகே கிழக்காசியக் கப்பற்படைத் தலைவர் ஃபான் ஸ்பேயின் அணியிலிருந்து பிரிந்து, மார்கோமானியா என்னும் நிலக்கரிக் கப்பலைத் துணையாகக் கொண்டு தனியே இந்தியப் பெருங்கடல் நோக்கித் திரும்பியது. அக்கடலில் செருமனிக்கு ஒரு துறைமுகமும் இல்லை. எனவே தன் கரியைத் தானே உடன்கொண்டு செல்வதும், பகைக்கப்பல்களிலிருந்து பறித்துக்கொள்வதும் தவிர வேறு வழி இல்லை. செப்டம்பர் 10ஆம் நாள் வங்கக் கடலில் முதலில் அகப்பட்டது பொன்டோபோரோஸ் என்னும் கிரேக்கக் கப்பல். அதில் இருந்த சரக்கும் நிலக்கரியே. ஒரு கப்பலைப் பிடிப்பதால் பல நாள் பயணம் கிடைத்தது என்று இதனைக் கூறுதல் பொருந்தும்.

அடுத்த நான்கு நாள்களில் இண்டஸ், லோவட், கில்லின், டிப்ளமேட் முதலிய பிரித்தானிய வணிகக் கப்பல்கள் கல்கத்தா வழித்தடத்தில் மூழ்கடிக்கப்பட்டன. இதற்கிடையே நிறுத்தி விடுவிக்கப்பட்ட லொரேடானோ என்னும் இத்தாலியக் கப்பல், நடுநிலை நாட்டுக் கப்பலாயினும், எம்டன் இருப்பதை வெளிப்படுத்திவிட்டது. வங்கக் கடலில் வணிகப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. செய்தி பரவிவிட்டது என்பதை உணர்ந்த முல்லர் கிழக்கே ரங்கூன் பக்கம் திரும்பினார். அங்கிருந்து ஏறத்தாழ 1,000 கடல் மைல் மேற்கே கடந்து சென்னைக்கு வந்தார். 12 நாட் வேகத்தில் அது மூன்றரை நாள் பயணம்.

சென்னையின் இரவு

செப்டம்பர் 22ஆம் நாளின் வானநிலையைக் கணக்கிட்டுப் பார்த்தல் பயன் தரும். அவ்வாண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. எனவே அன்று அமாவாசை. அடுத்த அமாவாசை செப்டம்பர் 19ஆம் நாளை ஒட்டி அமைகிறது. ஆகவே 22ஆம் நாள் மாலையில் சென்னை மக்கள் கண்டிருக்கக்கூடியது மூன்றாம் பிறை. சூரியன் மாலை ஆறு மணி அளவில் மறைய, பிறை எட்டு மணி அளவில் மறைந்திருக்கும். அதன்பின் விடியும் வரை நிலவொளி இல்லை.

எம்டன் எட்டு மணி அளவில் சென்னைக்கு அப்பாலுள்ள கடலை அடைந்து, ஒன்பதரை மணிக்குப் பின் துறைமுகத்திற்கு ஏறத்தாழ 3,000 கெசத் தொலைவு வரை நெருங்கியது. கரையிலிருந்து பார்ப்பவருக்குக் கடல் முழு இருளாக இருந்தது. கடலிலிருந்து பார்ப்பவருக்கு நகரம் அவ்வாறு இல்லை. போர் தொடங்கி ஏழு வாரங்கள் ஆகியும் சென்னையின் விளக்குகள் அணைக்கப்படவில்லை. 1894 முதல் நகரின் கலங்கரை விளக்கம் உயர் நீதிமன்றத்தின் உயர்ந்த குவிமாடத்தின்மீது இருந்தது; அவ்வுயரத்து விளக்கு தெளிந்த இரவில் 20 கடல் மைல் அளவிலேயே கப்பல் தளத்திற்குத் தெரியக்கூடியது. மூன்று நாள் திறந்த கடலில் வந்த கப்பலுக்குத் தன் இருப்பிடத்தைப் பிழையின்றி அறிய இதைவிடச் சிறந்த துணை இல்லை. பின்னர் அதே உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில் எம்டன் குண்டுகளை நினைவூட்டும் கல்வெட்டுப் பலகை பதிக்கப்பட்டது.

ஏறத்தாழ 130 குண்டுகள் சுடப்பட்டன. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் சேமிப்புத் தொட்டிகளில் இரண்டு பற்றி எரிந்தன. மேலும் சில சேதமுற்றன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல் ஒன்றும் தாக்குண்டது, சிலர் உயிரிழந்தனர். கரையிலிருந்த பீரங்கிகள் திருப்பிச் சுட்டன, எதுவும் படவில்லை. தாக்குதல் அரை மணி நேர அளவில் முடிந்தது. நகரை விட்டு மக்கள் பெருந்திரளாக வெளியேறியதும், வங்கக் கடல் வாணிகம் மீண்டும் முடங்கியதும் நன்கு அறியப்பட்டவை. எம்டன் செயல்பட்ட முதல் திங்களில் அப்பகுதியின் ஏற்றுமதி மதிப்பு ஏறத்தாழ 61 விழுக்காடு சரிந்தது.

தாக்குதலின் நேரத்தை இனிக் காணலாம். சூரியன் மறைந்தது முதல் சுடத் தொடங்கியது வரை ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். 12 நாட் என்னும் மிதவேகத்தில்கூட அது 42 கடல் மைல். ஆகவே பகல் வெளிச்சத்தில் கரையின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நின்று, இருட்டிய பின் நெருங்குவதற்குப் போதிய காலம் இருந்தது. தாக்குதல் முடிந்தது முதல் விடியும் வரை ஏறத்தாழ எட்டு மணி நேரம். அந்த எட்டு மணிக்கு மட்டும் 17 நாட் வேகத்தைச் செலவிட்டால் 136 கடல் மைல் செல்லலாம். நள்ளிரவுக்குப் பின் தாக்கியிருந்தால் அத்தொலைவு பாதியாகக் குறைந்திருக்கும். மாலையிலேயே தாக்கியிருந்தால் பிறையொளியில் நெருங்க நேர்ந்திருக்கும். ஒன்பதரை மணி என்பது இவ்விரண்டிற்கும் இடையே அமைந்த நேரம். இதனை முல்லர் இவ்வாறே எண்ணினார் என்று உறுதியாகக் கூற இயலாது; எனினும் தேர்ந்த கடற்படைத் தலைவர் ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கக்கூடிய கணக்கு இது.

விரியும் வட்டம்

தாக்கிய கணத்தில் எம்டனின் இருப்பிடம் உலகறிந்தது. தந்தி அதை உடனே கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டு சென்றது. ஆயினும் அது எத்திசையில் செல்கிறது என்பது எவருக்கும் தெரியாது. இந்நிலையில் தேடுவோர் செய்யக்கூடியது ஒன்றே: கடைசியாகக் கண்ட இடத்தை மையமாகக் கொண்டு, கப்பல் இதுவரை சென்றிருக்கக்கூடிய மிகைத் தொலைவை ஆரமாக வைத்து வட்டம் வரைவது. கப்பல் அவ்வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறது.

வட்டத்தின் ஆரம் காலத்தோடு நேர்விகிதத்தில் வளர்கிறது. பரப்போ காலத்தின் இருமடியாக வளர்கிறது. தேடுவோரின் இடர்ப்பாடு முழுவதும் இதில் அடங்கும். 12 நாட் வேகத்தில் ஒரு நாளில் ஆரம் 288 கடல் மைல். சென்னைக்கு மேற்கே நிலம் என்பதால் அரைவட்டத்தை மட்டும் கொண்டாலும் பரப்பு ஏறத்தாழ 1,30,000 சதுரக் கடல் மைல். இரண்டாம் நாள் முடிவில் அது நான்கு மடங்கு. தேடும் கப்பலின் பாய்மரத் தட்டிலிருந்து இருபுறமும் 15 கடல் மைல் வரை புகையைக் காணலாம் எனத் தாராளமாகக் கொண்டாலும், 20 நாட் வேகத்தில் பன்னிரண்டு மணி நேரப் பகலில் அது துழாவக்கூடிய பரப்பு 7,200 சதுரக் கடல் மைலே. முதல் நாளின் அரைவட்டத்தைத் துழாவவே 18 கப்பல்கள் வேண்டும். அவை அனைத்தும் தாக்குதல் நடந்த இடத்தருகே ஆயத்தமாக நின்றிருக்கவும் வேண்டும். சீனக் கடற்பகுதியின் தலைவர் ஜெரம் எம்டனைத் தேட விடுத்த ஹாம்ப்ஷயர், யார்மத், சப்பானின் சிகுமா முதலியவை ஒரு கையில் எண்ணத்தக்கவை. அவற்றின் தலைவர்களைத் திறமையற்றவர் எனப் பழித்த அக்கால நாளேடுகள் இவ்வட்டத்தை வரைந்து பார்க்கவில்லை.

இவ்வட்டத்தை மேலும் பயனற்றதாக்க முல்லர் ஒரு சிறு செயல் செய்தார். சென்னையை விட்டு நீங்கும்போது கரைக்குத் தெரியும் பக்கத்து விளக்குகளை எரியவிட்டு வடக்கே செல்வது போலக் காட்டி, பின் அவற்றை அணைத்துத் தெற்கே திரும்பினார். வட்டத்தின் தவறான பாதியைத் தேடுவோருக்கு அளித்த செயல் இது. மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 25இல், இலங்கையைச் சுற்றிக் கொழும்புக்கு அருகே கிங் லட் என்னும் கப்பல் அவரிடம் அகப்பட்டது. சென்னையிலிருந்து அவ்வழியே கொழும்பு ஏறத்தாழ 600 கடல் மைல். 10 நாட் வேகத்தில் 60 மணி நேரம். அவர் விரையவே இல்லை.

அக்டோபர் தொடக்கத்தில் எம்டன் தெற்கே தியேகோ கார்சியா தீவுக்குச் சென்று கப்பலின் அடிப்பாகத்தைத் தூய்மை செய்தது. ஆண்டுக்கு மிகச் சில கப்பல்களே வந்துபோகும் அத்தீவினருக்குப் போர் மூண்ட செய்தியே எட்டியிருக்கவில்லை. செருமானியர் அவர்களுடைய இயந்திரப் படகைப் பழுது பார்த்துக் கொடுத்தனர் என்பது இவ்வரலாற்றின் இனிய சிறு நிகழ்ச்சி. ஹாம்ப்ஷயர் அத்தீவை அடைந்தது, எம்டன் நீங்கிச் சில நாள்கள் கழித்து. அதன் தலைவர் கிராண்ட் இடத்தைச் சரியாகவே ஊகித்திருந்தார், நாள்தான் தவறியது. பின்னர் மினிக்காய்க் கடலில் ஏழு கப்பல்கள் அகப்பட்டன. அக்டோபர் 28 விடியலில் போலிப் புகைபோக்கி ஒன்றைப் பொருத்திக்கொண்டு பினாங்குத் துறைமுகத்தினுள் நுழைந்து, உருசியாவின் செம்சுக், பிரான்சின் மூஸ்கே ஆகிய போர்க்கப்பல்களை எம்டன் அழித்தது.

கொக்கோஸ்: பிழைத்த ஓர் எண்

நவம்பர் 9ஆம் நாள் காலை ஆறு மணி அளவில் எம்டன் கொக்கோஸ் தீவுகளின் டைரக்‌ஷன் தீவருகே நங்கூரமிட்டது. ஆஸ்திரேலியாவையும் தென்னாப்பிரிக்காவையும் ஆசியாவையும் இணைத்த கடலடித் தந்திவடங்கள் கூடும் நிலையம் அங்கிருந்தது. முதல்நிலை அதிகாரி ஹெல்முத் ஃபான் மியூக்கே தலைமையில் 50 பேர் கரையிறங்கினர். வடங்களை அறுப்பதும் கம்பியில்லாத் தந்திக் கம்பத்தை வீழ்த்துவதும் அவர்கள் பணி. ஆனால் அவர்கள் கரையேறுமுன், அயல்கப்பல் ஒன்று வந்திருப்பதை நிலையத்தார் கம்பியில்லாத் தந்தியில் அறிவித்துவிட்டனர்.

அவ்வறிவிப்புக்கு ஒரு போர்க்கப்பல் விடையளித்ததை எம்டனும் கேட்டது. அக்காலத்தில் அலையின் வலிமையைக் கொண்டு தொலைவை ஊகிப்பதே வழக்கம். கேட்ட ஒலி மெலிந்திருந்தது. 250 கடல் மைல் எனக் கணித்தனர். 20 நாட் வேகத்தில் வந்தாலும் பன்னிரண்டரை மணி நேரம். வடங்களை அறுக்கவும், துணைக்கப்பலை வரவழைத்துக் கரி ஏற்றவும் அது தாராளம். முல்லர் தங்கினார்.

கணக்கில் வகுத்தல் சரி. வகுக்கப்பட்ட எண் தவறு. அலையின் வலிமை அனுப்பிய கருவியின் ஆற்றலையும் வளிமண்டலத்தையும் பொறுத்து மாறும் என்பது ஒரு குறை. அதனினும் பெரிய குறை, அவ்வளவீடு பேசிய கப்பலுக்கு உரியது. பேசாத கப்பல்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நவம்பர் 1இல் ஆஸ்திரேலியாவின் ஆல்பனித் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட பெரும் படைக்கப்பல் அணி அன்று காலை அத்தீவுகளை ஒட்டியே சென்றுகொண்டிருந்தது. 38 கப்பல்களில் ஏறத்தாழ 30,000 ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினர். அவ்வணி கம்பியில்லாத் தந்தியில் மௌனம் காத்தது. இரண்டு திங்களாகப் பிறர்க்குத் தெரியாமல் இருந்தே வென்ற கப்பல், தனக்குத் தெரியாமல் இருந்த கப்பல்களால் வீழ்ந்தது.

அணியின் காவலில் இருந்த சிட்னி என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 52 கடல் மைல் தொலைவில் இருந்தது. 5,400 டன், உச்ச வேகம் 25 நாட்டுக்கு மேல், எட்டு ஆறங்குலப் பீரங்கிகள். தலைவர் ஜான் கிளாசப் ஏழு மணிக்குப் புறப்பட ஆணை பெற்றார். ஒன்பதே கால் மணிக்கு எம்டன் கண்ணில் பட்டது. இரண்டேகால் மணி நேரத்தில் 20 நாட் வேகத்தில் 45 கடல் மைல். எஞ்சிய ஏழு கடல் மைல் பார்வைக்கு எட்டும் தொலைவு. எண்கள் பொருந்துகின்றன.

இங்கே கிளாசப்புக்கு முக்கோணக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. இலக்கு நங்கூரமிட்டு நின்றது. அதன் இருப்பிடம் தந்தியில் வந்தது. அதன் வேகம் சுழி. திசையும் வேகமும் மறைந்திருந்தவரை தீர்வற்றிருந்த வழிமறிப்புக் கணக்கு, ஒரே காலையில் நேர்கோடாகிவிட்டது. மறுதலையாகவும் எண்ணிப் பார்க்கலாம். விடையொலி கேட்டவுடன் படையினரைத் திரும்ப அழைத்து ஏழரை மணிக்கு எம்டன் 20 நாட் வேகத்தில் நீங்கியிருந்தால், ஒன்பதரைக்குள் ஆரம் 40 கடல் மைல். பரப்பு ஏறத்தாழ 5,000 சதுரக் கடல் மைல். அடுத்த ஒரு மணி நேரத்தில் 11,000க்கு மேல். தனி ஒரு கப்பல் ஒரு மணியில் துழாவக்கூடியதோ 600. வட்டம் மீண்டும் எம்டனின் பக்கம் நின்றிருக்கும்.

எம்டன் 9.40 மணிக்கு முதலில் சுட்டது. தொடக்கக் குண்டுகள் குறி தவறவில்லை. ஆயினும் சிட்னியின் பீரங்கிகள் தொலைவிலும் எடையிலும் மேம்பட்டவை. வேகம் கூடுதலாக உள்ள கப்பலே இடைத்தொலைவைத் தீர்மானிக்கும் என்பதால் போர் சிட்னி விரும்பிய தொலைவில் நடந்தது. பதினொன்றே கால் மணி அளவில் முல்லர் சிதைந்த கப்பலை வட கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றினார். எம்டனில் 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர், சிட்னியில் நால்வர்.

செண்பகராமன் கதையும் நாள்கணக்கும்

எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தார், சென்னைத் தாக்குதலுக்கு அவரே வழிகாட்டினார் என்னும் செய்தி தமிழ் நூல்களிலும் மேடைகளிலும் பலகாலம் கூறப்பட்டு வருகிறது. 1891இல் திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே ஐரோப்பா சென்று, இந்திய விடுதலைக்காக உழைத்து 1934இல் பெர்லினில் மறைந்த அவருடைய பெருமைக்கு இச்செய்தி இன்றியமையாதது அன்று. எனினும் வரலாற்றுச் செய்தி என்ற முறையில் அதனைச் சோதித்தல் வேண்டும். இதற்கும் பயணக்காலமே உரைகல்.

எம்டன் ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பல் அன்று. போருக்குப் பல ஆண்டுகள் முன்பே கீழைக் கடலில் பணியில் இருந்தது. ஆகஸ்டு முதல் வாரத்தில் சிங்டாவிலிருந்து இறுதியாக நீங்கிய பின் அது அத்துறைமுகத்துக்குத் திரும்பவில்லை. எனவே செப்டம்பர் 22இல் ஒருவர் அதில் இருக்க வேண்டுமாயின் ஆகஸ்டு முதல் வாரத்துக்குள் சிங்டாவை அடைந்திருக்க வேண்டும். மிகப் பிந்தினால் ஆகஸ்டு நடுவில் பாகன் தீவை. சூயசு வழியே கப்பலில் ஐரோப்பாவிலிருந்து சிங்டா செல்லப் பல வாரங்கள் ஆகும். சைபீரிய இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ இரண்டு வாரம். ஆகஸ்டு தொடங்கியதும் உருசியா பகைநாடு ஆனதால் அப்பாதை அடைபட்டது. கடல்வழி பிரித்தானியர் கையில் இருந்தது. ஆகவே போர் மூளுமுன்பே, போர் மூளும் என்று எவரும் உறுதியாக அறியாத சூலைத் திங்களிலேயே, அவர் புறப்பட்டிருக்க வேண்டும். செண்பகராமன் 1914இல் சூரிச்சில் பன்னாட்டு இந்திய ஆதரவுக் குழுவை அமைத்து நடத்தியவர்.

திரும்பும் வழி இதனினும் இடுக்கமானது. அக்டோபரில் அவர் பெர்லினுக்குச் சென்று அங்குள்ள இந்தியக் குழுவில் இணைந்தார். அத்திங்களில் எம்டன் மினிக்காய்க்கும் பினாங்குக்கும் இடையே இருந்தது. அக்கப்பலிலிருந்து உயிரோடு மீண்டோருக்கு வழிகள் மிகச் சில. முல்லரும் போரில் தப்பியவர்களும் சிறைப்பட்டனர். கரையில் விடப்பட்ட மியூக்கேயின் ஐம்பதின்மர், தீவில் கிடந்த ஆயிஷா என்னும் 97 டன் பாய்மரக் கப்பலைக் கைப்பற்றி, நவம்பர் இறுதியில் சுமாத்ராவின் பாடாங்கை அடைந்து, அங்கிருந்து சாய்சிங் என்னும் சரக்குக் கப்பலில் செங்கடலின் ஹொதைதாவுக்குச் சென்று, அரேபியப் பாலைவழியே நடந்தும் பொருதும் கான்ஸ்டாண்டினோபிளை அடைந்தபோது 1915 மே திங்கள் ஆகியிருந்தது.